கிடாரத்தில் அவித்த கோழி எரு

கோழிப்பீயைக் கிடாரத்தில் போட்டு, அடுப்பு மூட்டி அவித்த குடும்பம் மன்னார்த் தீவிலேயே எங்களுடையது ஒன்றுதான். இதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை. அப்போது இருந்ததா என்றால், அப்போதும் பெரிதாக இல்லை. கோபம்தான் இருந்தது. ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கள் வாசல் படலையைக் கடந்துபோனபோது, ஒவ்வொருவரையும் மறித்து நறுக்கென்று நாலு கேள்வி கேட்க வேண்டும்போல எனக்கு நாக்குத் துருதுருத்தது.

நான் முள்ளிக்குளத்துக்காரி. வயலும் மாடும் பார்த்து வளர்ந்தவள். ஓலைத்தொடுவாய்க்குக் கிட்ட ஒரு கரையூருக்கு மருமகளாக வந்தேன். என் வீட்டுக்காரர் குடும்பத்துக்குக் கடலட்டைத் தொழில். கடலட்டை என்பது கடலடியில் மண்ணைத் தின்றுகொண்டு கிடக்கும் ஒரு சீவன். எங்கள் ஆட்கள் அதை வாயில் வைப்பதில்லை. கடலில் மூழ்கிச் சுழியோடிகள் எடுத்துவந்து கொட்டுவதைப் பெரிய செப்புக் கிடாரத்தில் அவித்து, மணலில் கிடங்கு வெட்டிப் புதைத்துத் தாட்டு, மேல்தோல் இளகிய பிறகு தேய்த்துக் கழுவி, கல்லுப்போல ஆகும்வரை வெயிலில் காயவைத்துச் சிங்கப்பூருக்குக் கப்பலேற்றுவார்கள். அங்கே சீனர்கள் அதைச் சூப்பு வைத்துக் குடிப்பார்களாம். அவிப்பது, தாழ்ப்பது, காயப்போடுவது. இந்த மூன்றுக்கு வெளியே உலகத்தில் வேறு வேலை உண்டென்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

அப்படியிருக்க யுத்தம் வந்தது. சப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்தான். அட்டை வாங்க ஆளில்லை, ஏற்றக் கப்பலில்லை. கிடாரத்தைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு என் வீட்டுக்காரர் அதன்மேல் குந்தியிருந்து கடலைப் பார்க்கத் தொடங்கினார். கலியாணம் முடித்து வருஷம் திரும்பவில்லை. எனக்கு அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வரும்.

கோழி வளர்ப்பது என் யோசனை. இதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன். தலைமன்னார்ப் பக்கம் பட்டாளம் முகாம் போட்டிருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக் காலையில் முட்டை இல்லாவிட்டால் துவக்குத் தூக்க வராதாம். உம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த அடைக்கோழிகளை வைத்துத் தொடங்கி, குஞ்சு பொரிக்கவைத்துப் பெருக்கி, வெறுமையாகக் கிடந்த அட்டைக் கொட்டிலான வாடிக்குள் கம்பி வலை அடித்து அடைத்தேன். முகாமுக்குச் சாமான் ஏற்றுகிறவர் சைக்கிளில் வந்து முட்டைகளை உமிப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டு போவார். வீட்டில் உலை கொதித்தது அந்த முட்டைகளால்தான். என் மாமிகூட, கோழி என்ற சொல்லைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பதை விட்டிருந்தார்.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு மட்டும் தெரியும். திருக்கோணமலைத் துறைமுகத்தில் வேலைக்கு ஆள் சேர்க்கும் கங்காணி ஒருவர் ஊர் ஊராகத் திரிந்தார். அங்கே சப்பான்காரன் குண்டு போட்டிருந்த நேரம். ஆனாலும் கூலி நல்லது என்று எங்கள் கரையிலிருந்தும் ஆட்கள் ரயில் கோச்சி ஏறினார்கள். ஒருநாள் கங்காணி படலைக்கு வெளியே நின்று கூப்பிட்டபோது, என் வீட்டுக்காரர் சொன்ன மறுமொழி குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற என் காதில் விழுந்தது.

“இந்தக் கோழி இருக்கிற மட்டும் சமாளிப்பன், அண்ணே. இது இல்லாமப் போச்செண்டா நான் வாறன். வேற வழியில்ல.”

அன்றிலிருந்து நான் கோழிகளைப் பார்த்த பார்வை வேறு. ஒவ்வொரு கோழியும் அவர் உடுத்திருந்த சாரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்பதாகவே எனக்குத் தோன்றும். இதை யாரிடமும் சொல்லவில்லை. நரி பிடிக்காமல், கீரி கடிக்காமல், சொறி வராமல் அவற்றைக் காத்தேன். ஊரில் எனக்குக் கோழிப் பைத்தியம் என்று பெயர் வந்தது. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

அடைத்து வளர்த்தால் எச்சம் சேரும். வாடிக்குப் பின்னால் அது மலையாய்க் குவிந்தது. முள்ளிக்குளத்தில் வயலுக்கு எரு வேண்டுமென்றால் மாட்டுப் பட்டியை அப்படியே வயலில் அடைத்துவிடுவார்கள். மாடு போட்டது போட்டபடி கிடக்கும், நெல்லும் நன்றாக விளையும். எரு என்றால் எருதானே என்று நினைத்து, கோழி எச்சத்தை அள்ளிக்கொண்டுபோய் என் கத்தரிக்கும் மிளகாய்க்கும் தாராளமாகப் போட்டேன். கன்றெல்லாம் நெருப்பு பட்டதுபோலக் கருகிக் கவிழ்ந்தன. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பாத்தியையே காலால் மிதித்துவிட்டேன்.

அந்தக் காலம் அரசாங்கம் எல்லாரையும் பயிர் செய் பயிர் செய் என்று விரட்டிய காலம். விவசாயக் கந்தோரிலிருந்து ஒரு ஐயா சைக்கிளில் வருவார். யாழ்ப்பாணத்துக்காரர், காக்கிக் களிசான், நல்ல கணீரென்ற குரல். நான் தென்னோலைக் கிடுகு வேலிக்கு உள்ளே நின்று கேட்க, என் வீட்டுக்காரர் வெளியே நின்று கதைத்தார்.

“கோழி எரு சரியான சூடு, தம்பி. பச்சையாப் போட்டாப் பயிர் கருகத்தான் செய்யும். கிடங்கு வெட்டித் தாட்டு, நல்லா அவிய விட்டு, பிறகு உலர்த்தி எடுங்கோ. அதைப்போல எரு வேற இல்ல.”

என் வீட்டுக்காரரின் முகத்தில் மாதக்கணக்காக நான் பார்க்காத வெளிச்சம் வந்தது. வேலி இடுக்கால் எனக்கே தெரிந்தது. “அவிச்சு, தாட்டு, காயப்போடுறதோ? ஐயா, அது எங்கட தொழிலல்லோ!”

“அப்ப நல்லதாப் போச்சு,” என்று ஐயாவும் மகிழ்ந்துபோய் சைக்கிளில் ஏறினார். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் பேசிக்கொண்டார்கள் என்று நானும் நம்பினேன்.

மறுநாளே கிடாரம் நிமிர்ந்தது. மாமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

“டேய் மகன், அந்தக் கிடாரத்திலயோ?”

“அட்டையும்தானே நாறினது, உம்மா. நாங்க என்ன மல்லிகைப்பூவோ அவிச்சுக்கொண்டிருந்தனாங்க?”

பனம் மட்டையும் தேங்காய் மட்டையும் போட்டு அடுப்பு எரித்தோம். கடல் தண்ணீர் வேண்டாம், உப்பு கூடாது என்று நான்தான் புத்திசாலித்தனமாக நல்ல தண்ணீர் ஊற்றினேன். அட்டை கிண்டும் நீண்ட கட்டையால் அவர் கிண்டினார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்ததைப் பார்க்க எனக்கும் உற்சாகம் தாங்கவில்லை. மட்டை மட்டையாக எடுத்து அடுப்பில் செருகினேன். கொதி வந்தது.

அந்த நாற்றத்தை எழுத எனக்குத் தெரிந்த தமிழ் போதாது. கோழிகளே வாடியின் அந்தப் பக்கத்துக்கு ஓடின. எங்கள் வீட்டுப் பூனை அன்றைக்குப் போனது, அடுத்த கிழமைதான் திரும்பி வந்தது. சோழகக் காற்று வீசிய காலம், எங்கள் வீட்டு வளவிலிருந்து பள்ளிவாசலுக்கு நேர் கோடு பிடித்ததுபோல அது வீசும். பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னவர் நடுவில் நிறுத்தி இருமினார். பிறகும் சொன்னார், பிறகும் இருமினார். அப்போதுதான் நான் மட்டை செருகுவதை நிறுத்தினேன்.

தொழுகை முடிந்ததும் மரைக்கார் வந்தார். பள்ளிவாசல் காரியங்களை எல்லாம் பார்ப்பவர், ஊரில் அவர் சொல்லுக்கு மறு சொல் இல்லை. லேஞ்சியால் மூக்கை மூடிக்கொண்டு, வளவுக்குள் கால் வைக்காமலே பேசினார்.

“தம்பி, இலையான் மொய்க்குது, சனம் நடக்கிற பாதையெல்லாம் அசுத்தம், நஜீஸ், இப்ப இதுவும். பள்ளிக்கு வாறவனுக்குக் கை கால் கழுவி ஒளு எடுத்தும் பிரயோசனமில்ல. நோன்புத் தலைப்பிறைக்கு முந்தி இந்த நாத்தம் போகோணும். போகாட்டிக் கோழி போகோணும். இது ஊர்ச் சொல்லு.”

“சரி, மரைக்கார்,” என்றார் என் வீட்டுக்காரர்.

ஒரு எதிர்ப்பேச்சு இல்லை! நான் குசினிக்குள் நின்று பல்லைக் கடித்தேன். அவர் உள்ளே வந்து, கை கால் கழுவிக்கொண்டே, “பார்ப்பம். சரிவராட்டித் திருக்கோணமலை இருக்குத்தானே,” என்றார். சந்தைக்குப் போய்வருகிறேன் என்கிற குரலில் சொன்னார். எனக்கு அழுகை வந்தது, அதைக் காட்டப் பிடிக்காமல் பானையைப் போட்டு உருட்டினேன்.

விவசாயக் கந்தோர் ஐயாவுக்கு ஆளனுப்பி வரவழைத்தேன். வந்தவர் வாடிக்குப் பின்னால் போனார். அங்கே பாயில் வரிசையாக, அட்டையைப் போலவே, அவித்துத் தாட்டு எடுத்த எரு உருண்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவர் ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தார். டொக்கென்று சத்தம் கேட்டது. கிடாரத்தைப் பார்த்தார். பிறகு மணலில் அப்படியே உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார்.

வேலியாவது மறைப்பாவது. நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு குரல் கொடுத்தேன். “என்ன சிரிப்பு? நீங்கள்தானே அவிக்கச் சொன்னீங்கள்!”

“ஐயோ தங்கச்சி, நான் அவிக்கச் சொல்லேல்ல. அவிய விடச் சொன்னனான்!”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“அவிக்கிறது நீங்கள். அவியிறது அது. சும்மா விட்டாத் தன்ரபாட்டில அவியும். நெருப்பு அதுக்குள்ளயே இருக்கு, நீங்கள் வேற மூட்டத் தேவையில்ல.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அடுப்பில்லாமல் அவிகிற பொருளை நான் கண்டதில்லை. ஆனால் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். எச்சத்தைத் தனியாகக் குவித்தால் அழுகி நாறும். காய்ந்த சருகு, உமி, பழைய கிடுகு என்று ஏதாவது அதைவிடக் கூடுதலாகக் கலந்து, இடுப்பளவு கும்பியாகக் குவிக்க வேண்டும். பிழிந்த துணியில் இருக்கும் ஈரம்போல ஈரம் வேண்டும். மேலே கிடுகு போட்டு மூட வேண்டும். சூடு ஏறி இறங்கும்போது கிளறிப் புரட்ட வேண்டும். நாற்றம் தானே போகும், இலையானும் போகும், புழுவும் சூட்டில் சாகும்.

“கரையில ஒதுங்கிற சாதாழை போடலாமோ?” என்று கேட்டேன். சாதாழை என்றால் கடல் ஒதுக்கும் புல். எங்கள் கரையில் அது போர் போராகக் கிடக்கும்.

“போடலாம். ஆனா உப்பு, கவனம். புதுசை எடுக்காதேங்கோ. போன மாரியில நனைஞ்சு வெளுத்துக் கிடக்கிறதைப் பாத்து எடுங்கோ.”

அதன்பிறகு எனக்கு ஒரு வேகம் பிடித்துக்கொண்டது. விடிந்தால் கரையில் நிற்பேன். மேட்டில் கிடந்த பழைய சாதாழையைக் கிள்ளி நுனிநாக்கில் வைத்துப் பார்ப்பேன். கரித்தால் எறிவேன், கரிக்காவிட்டால் சாக்கில் திணித்துக் கழுதையில் ஏற்றுவேன். பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்! மாமி தலையில் கை வைத்துக்கொண்டார். “கோழிப் பைத்தியம் முத்திக் கடல்புல் தின்னுறாள்” என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார். முள்ளிக்குளத்திலிருந்து வாப்பா ஒரு வண்டி உமி அனுப்பினார். அடுக்கு அடுக்காகப் போட்டேன்: உமி, சாதாழை, எச்சம், கிழித்த கிடுகு. அரிசி களைந்த தண்ணீரைத் தெளித்தேன். கையில் அள்ளிப் பிழிந்து பார்த்தேன். மேலே மூடிவிட்டு, அதன் முன்னால் குந்தியிருந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த நாளும் ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாள் காலையில், ஐயா சொன்னபடி இரும்பு அலவாங்கைக் கும்பியின் நடுவில் செருகிவிட்டு, முற்றம் கூட்டிவிட்டு வந்து உருவினேன். நுனியைப் பிடித்தவள் “ஆ!” என்று கத்திக்கொண்டு போட்டுவிட்டேன். சுட்டது. உண்மையாகவே சுட்டது! எனக்கு வந்த சந்தோஷத்தில், “அவியுது! அவியுது! ஓடி வாங்கோ, நெருப்பில்லாம அவியுது!” என்று ஊர் கேட்கக் கத்தினேன். நெருப்பு என்ற சொல் மட்டும் மாமியின் காதில் விழுந்திருக்க வேண்டும். வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். நல்ல வேளை, கும்பியில் ஊற்றுவதற்கு முந்தித் தட்டி விலக்கினேன். ஆத்திரத்தில் மிச்சத் தண்ணீரை என் தலையில் ஊற்றினார். நான் நனைந்தபடி சிரித்துக்கொண்டு நின்றேன்.

என் வீட்டுக்காரர் நம்பவில்லை. வெயிலில் அலவாங்கு சுட்டிருக்கும் என்றார். எனக்கு விடுமா? ஒரு முட்டையைத் துணியில் சுற்றிக் கும்பியின் நடுவில் தாட்டேன். மறுநாள் எடுத்து அவர் கண்முன்னால் உடைத்தேன். வெள்ளை கெட்டிப்பட்டு, மஞ்சள் பாதி இறுகி, ஆவி பறந்தது. அவர் அதை அப்படித் திருப்பி இப்படித் திருப்பிப் பார்த்தார். திரும்பி வந்திருந்த பூனை அதைத் தின்றது. அவர் அலவாங்கை எடுத்துத் தானே கும்பிக்குள் செருகினார். எனக்கு அது போதும்.

ஆனால் என் பேராசை என்னை விடவில்லை. ஈரம் இருந்தால்தானே அவிகிறது, கூட ஈரம் இருந்தால் கெதியாக அவியும் என்று நானே ஒரு கணக்குப் போட்டு, தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினேன். றஜபு மாதம் போய், நோன்புக்கு முந்தின மாதமான ஷஃபான் பிறந்திருந்தது. அலவாங்கு குளிர்ந்துபோய் வந்தது. ஒருநாள் கிடுகைத் தூக்கினேன். உள்ளே களி. பழைய நாற்றம் எழும்பி என் முகத்தில் அடித்தது. அந்த நேரம் பார்த்து மரைக்கார் பாதையால் போனார். நின்றார், லேஞ்சியை எடுத்தார், மூக்கில் வைத்தார். திரும்பிப் பள்ளிவாசல் பக்கம் போனார்.

அன்று பின்னேரம் என் வீட்டுக்காரர் கங்காணியைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து, தலைப்பிறைக்கு மறுநாள் கோச்சியில் இடம் சொல்லியாயிற்று என்றார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாடிக்குப் பின்னால் போனேன். கும்பி முழுவதையும் பிரித்துப் பாயில் பரப்பினேன். வெயிலில் காயவிட்டேன். மிச்சமிருந்த உமியைக் கொட்டினேன். காய்ந்த சாதாழையைக் கையால் நொறுக்கிக் கலந்தேன். திரும்பவும் குவித்தேன். உள்ளங்கை கொப்பளித்துத் தோல் உரிந்தது. எச்சம் பட்டு எரிந்தது. எரியட்டும் என்று நினைத்தேன். யார்மேல் கோபம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. சப்பான்காரன்மேல், மரைக்கார்மேல், கங்காணிமேல், எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டுகிற அந்த மனுசன்மேல்.

அந்த மனுசன்தான் வந்து மண்வெட்டியை வாங்கினார். என் கையை ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். “போய் எண்ணெய் பூசு, புள்ள,” என்று சொல்லிவிட்டு, மிச்சத்தை அவர் குவித்தார்.

இந்த முறை கும்பி கொதித்தது என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் கிளறினால் புகைபோல ஆவி எழும்பும். கண்ணைக் கரிக்கும் காட்டம் முதலில் அடித்தது, பிறகு குறைந்தது. ஒவ்வொரு புரட்டலுக்கும் நிறம் மாறியது. வெள்ளைத் திட்டுகள் போயின. உமி கறுத்தது. சாதாழை இருந்த இடம் தெரியவில்லை. இலையான் வரவில்லை. நான் நாளுக்குப் பத்துத் தரம் போய் முகர்ந்து பார்த்தேன். ஒருநாள் காலையில் கிடுகைத் தூக்கியபோது நாற்றமே இல்லை, முதல் மழை விழுந்த வயல் மணந்தது. முள்ளிக்குளம் மணந்தது. இரண்டு கையாலும் அள்ளி முகத்துக்குக் கிட்ட வைத்துக்கொண்டு, “மாமி, இஞ்ச வாங்கோ, மணந்து பாருங்கோ!” என்று துள்ளினேன். மாமி தூரத்தில் நின்றே கழுத்தை நீட்டினார். பிறகு ஒரு அடி கிட்ட வந்தார். பிறகு இன்னொரு அடி. “என்ன அதிசயமடி இது,” என்றார்.

ஷஃபான் முடிகிற நாள் மரைக்காரும் பள்ளிவாசலில் தொழுவிக்கும் லெப்பையும் அஸருக்கு முந்தி வந்தார்கள். இரண்டு பேரும் ஒளு எடுத்திருந்தார்கள். மரைக்கார் படலையிலேயே லேஞ்சியைத் தயாராக வைத்திருந்தார். உள்ளே வந்தார். லேஞ்சி மூக்குக்குப் போகவில்லை. காற்றை இழுத்துப் பார்த்தார். வாசலில் ஒரு பனையோலைக் கடகம் நிறைய, சலித்த எரு வைத்திருந்தேன். அதைக் கண்டு குனிந்து ஒரு பிடி அள்ளினார். விரலால் உதிர்த்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“நல்ல மண்ணா இருக்கே. எங்கட தீவில இப்பிடி மண் இல்ல. முள்ளிக்குளத்து வண்டலோ? வாப்பா அனுப்பினவரோ, மகள்?”

நான் மாமியைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கடலைப் பார்த்தார். மாமிதான், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், சொன்னார்.

“அது கோழிப்பீ, மரைக்கார்.”

மரைக்காரின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. கொட்டவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. லெப்பை வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்க நின்றார். நான் செம்பில் தண்ணீர் கொண்டு ஓடினேன். ஆனால் மரைக்கார் லேசான ஆளில்லை. கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுச் சொன்னார்.

“பொய். இது மண். சாமானை எங்கயோ தாட்டுப்போட்டு, வண்டியில மண் ஏத்திக் கொண்டுவந்து காட்டுறீங்கள். வாப்பாட வண்டி வந்ததை ஊரே பாத்தது.”

இப்படி ஒன்று வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. எரு சரியாக அவியவில்லை என்றால் குற்றம். நன்றாக அவிந்தால் களவு! எனக்கு வந்தது பாருங்கள் கோபம். முக்காட்டை இறுக்கிக்கொண்டு, “வாங்கோ மரைக்கார் மாமா, வந்து பாருங்கோ,” என்று வாடிக்குப் பின்னால் நடந்தேன். பிந்திக் குவித்த இன்னொரு கும்பி அங்கே இருந்தது. மண்வெட்டியால் அதை மேலிருந்து கீழாகப் பிளந்தேன். ஆவி குப்பென்று எழும்பியது. வெளிப்புறம் எச்சம் எச்சமாகவே வெள்ளைத் திட்டோடு இருந்தது. அதற்கு உள்ளே மண்ணிறம். நடுவில் கடகத்தில் இருந்த அதே கறுப்பு, அதற்குள் இன்னும் மக்காத கோழிச் சிறகுகள்.

“கையை நீட்டுங்கோ. கிட்ட நீட்டினாப் போதும். அடுப்பு எங்க இருக்கெண்டு சொல்லுங்கோ பாப்பம்!”

மரைக்கார் நீட்டினார். சூட்டை உணர்ந்து கையை இழுத்தார். திரும்ப நீட்டினார். கும்பியைச் சுற்றி ஒரு தரம் நடந்து, கீழே நெருப்பு இருக்கிறதா என்று குனிந்தும் பார்த்தார்.

“ஸுப்ஹானல்லாஹ்,” என்றார் கடைசியில். குரல் மாறியிருந்தது. பிறகு லெப்பையிடம் திரும்பி, “இது இப்ப நஜீஸோ, இல்லையோ?” என்று கேட்டார்.

“நஜீஸ் நஜீஸ்தான், மரைக்கார். கை பட்டாக் கழுவத்தான் வேணும். ஆனா நீங்க குடுத்த தவணை நாத்தத்துக்கு. நாத்தம் இல்லையே.”

மரைக்கார் தாடியைத் தடவினார்.

“கோழி இருக்கட்டும்,” என்றார்.

நான் என்ன செய்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. குசினிக்குள் ஓடி மாமியைக் கட்டிப்பிடித்ததாக மாமி பிறகு சொன்னார். போகிற போக்கில் மரைக்கார், தன் வளவு மாதுளை காய்க்காமல் நிற்கிறது, ஒரு கடகம் விலைக்குத் தர முடியுமா என்று கேட்டாராம். நஜீஸை விற்கக் கூடாது, கொடையாகக் கொடுக்கலாம் என்று லெப்பை சொல்ல, என் வீட்டுக்காரர் தானே கடகத்தைத் தூக்கிக்கொண்டு அவர் வீடுவரை போனாராம். இதெல்லாம் கேட்டதுதான். நான் அடுப்படியில் குந்தி அழுதுகொண்டிருந்தேன்.

பொழுதுபட்டு மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு கரையில் சனம் பிறை பார்க்கக் கூடியது. பிள்ளைகள் முதலில் கண்டு கத்தினார்கள். என் வீட்டுக்காரர் கூட்டத்திலிருந்து என்னிடம் வந்தார். கங்காணியிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டாராம். முகம் தெளிந்திருந்தது.

“உனக்கு இந்தக் கோழியில இவ்வளவு விருப்பமெண்டு எனக்குத் தெரியாமப் போச்சு, புள்ள.”

“கோழியிலயோ?” எனக்குக் குரல் கிறீச்சிட்டது. பக்கத்தில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். “கோழி எனக்கு என்னத்துக்கு? அதைப் பாத்தாலே எனக்கு அருவருப்பு. நீங்க போயிடுவீங்களெண்டுதான் இந்தப் பாடு பட்டனான். கங்காணியோட நீங்க கதைச்சதை நான் கேட்டனான்.”

சுற்றிவர ஸலாமும் சிரிப்புமாக இருந்தது.

“அதை அண்டைக்கே என்னட்டச் சொல்லியிருக்கலாமே,” என்றார் மெதுவாக.

“சொல்லியிருந்தா நிண்டிருப்பீங்களோ?”

ஓம், நின்றிருப்பேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பிறை கண்ட நேரம், நானும் நம்பியிருப்பேன். அவர் யோசித்தார்.

“இல்ல,” என்றார். “போயிருப்பன்.”